குளிரில் வைத்த விதைக்கு ஒரு ஈ.சி. மீட்டர்: இரண்டு ஆண்டு பயன்படுத்திய பிறகு

பேனா அளவில், முனையில் இரண்டு மின்முனைகளோடு வரும் ஈ.சி. மீட்டரை, அதாவது தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவியைப் பற்றித்தான் இது. மண்ணில்லாமல் பயிர் வளர்ப்பவர்கள் உரக்கரைசலை அளக்க வைத்திருப்பார்களே, அதேதான். நான் உரத்துக்காக வாங்கவில்லை. நாற்றுப் பண்ணைக் குளிர்பெட்டியில் கிடக்கும் மர விதைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று, முளைக்கப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வாங்கினேன். அது காட்டிய எண்களால் என் பண்ணையில் விதை வைக்கும் முறையும் எடுக்கும் முறையும் மாறிப்போயின. அதனால் கருவியின் நிறை குறையை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

வேப்பம் விதையில் ஆரம்பித்தது. பழம் உதிர்ந்ததும் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஜாடியில் இறுக மூடி 5 டிகிரியில் வைத்தேன். நான்கு மாதம் கழித்து எடுத்து ஊறவைத்து விதைத்தேன். நூறுக்கு முப்பதுகூட எழவில்லை. எழுந்தவற்றிலும் பலவற்றுக்கு வேர்நுனி பழுப்பேறி மொட்டையாக நின்றது. "குளிர்ல வெச்சதுதான் கொன்னுடுச்சு அக்கா" என்றான் என்னோடு வேலை செய்யும் தம்பி. நானும் அதையே நம்பி, அடுத்த பருவத்தில் வேம்பைக் குளிர்பெட்டிப் பக்கமே கொண்டுபோகவில்லை. வெளியே வைத்த விதை இன்னும் சீக்கிரம் செத்தது.

விதைப் பரிசோதனையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் பண்ணைக்கு வந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். ஊறவைத்த தண்ணீரை எங்கே கொட்டினாய் என்று கேட்டார். மஞ்சளாக இருந்தது ஐயா, கீழே ஊற்றிவிட்டேன் என்றேன். "அதைத்தாம்மா நீ பாத்திருக்கணும். விதை உள்ள வெச்சிருக்க வேண்டியதையெல்லாம் அந்தத் தண்ணியிலதான் விட்டிருக்கு." மறுவாரம் மீட்டர் வாங்கினேன்.

அவர் சொன்னதன் பொருள் இது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. தடிமன் 5 முதல் 10 நானோமீட்டர். பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் தலையை வெளிப்பக்கமும் வாலை உள்பக்கமும் வைத்து இரண்டு வரிசையாக நின்று கட்டிய சுவர் அது. பொட்டாசியம் போன்ற உப்புகளையும் சர்க்கரைகளையும் அமினோ அமிலங்களையும் செல்லுக்குள் பிடித்து வைப்பது இந்தச் சுவர்தான். அது பழுதானால் உள்ளே இருப்பது ஊறும் தண்ணீரில் இறங்கும். உப்பு இறங்கிய தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும். எவ்வளவு எளிதாக என்பதைத்தான் மீட்டர் மைக்ரோசீமென்ஸில் சொல்கிறது. சர்க்கரையை இது காட்டாது, சர்க்கரைக்கு மின்சாரம் கடத்தத் தெரியாது. ஆனால் உப்பு கசியும் இடத்தில் சர்க்கரையும் கசியும். மண்ணில் இருக்கும் பூஞ்சைக்கு அதுதான் தீனி. அதிகம் கசியும் விதைகளைப் போட்ட தட்டில் நாற்றழுகல் முதலில் வருவதன் காரணம் எனக்குப் பிடிபட்டது அப்போதுதான்.

பட்டாணிக்கு இந்தச் சோதனையைச் சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம் தன் விதிமுறையிலேயே வைத்திருக்கிறது. 50 விதை, 250 மில்லி தண்ணீர், 20 டிகிரி, 24 மணி நேரம். வரும் எண்ணை விதையின் எடையால் வகுக்க வேண்டும். மர விதையில் ஒரு இனத்தின் எண்ணை இன்னொரு இனத்துக்கு வைத்துப் பார்க்கவே முடியாது. உங்கள் ஜாடியின் இந்த மாத எண்ணை அதே ஜாடியின் போன மாத எண்ணோடுதான் ஒப்பிடலாம். அதற்காகவே ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். நோட்டு இல்லாமல் இந்த மீட்டரை வாங்கிப் பயனில்லை.

அடுத்த பருவத்து வேம்பில் முதல் சோதனை. ஓடு நீக்கிய பருப்பு பத்துப் பத்தாக, எடை பார்த்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில். நகம் பட்டுக் கீறிய பருப்பை ஒதுக்கிவிட்டேன். ஒரு கீறல் போதும், எண் எகிறிவிடும். முதல் டம்ளருக்கான விதைகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். இப்படித்தான் அதுவரை செய்துகொண்டிருந்தேன். இரண்டாவது பங்கை மூடியைத் திறக்காமல் ஒரு இரவு வெளியே வைத்தேன். பிறகு, அடியில் ஈரத்துணி விரித்த மூடிய டப்பாவில், துணியைத் தொடாதபடி வலைமேல் பரப்பி ஒரு நாள் விட்டேன். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதுவும் 30 டிகிரி வெதுவெதுப்பில். இரண்டையும் ஒரே அறையில் 24 மணி நேரம் வைத்தேன். முதல் டம்ளர் 212 காட்டியது, இரண்டாவது 79.

ஒரே மரம், ஒரே ஜாடி, குளிரில் கழித்த நாளும் ஒன்றே. நான்கு மாதக் குளிரைத் தாங்கிய விதைகளை, தண்ணீரில் போட்ட முதல் சில நிமிடங்களில் என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். அன்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். முந்தைய ஆண்டு தூக்கிப்போட்ட தட்டுகள் எல்லாம் கண்முன் வந்து போயின.

உள்ளே நடப்பது இப்படி. ஈரமுள்ள செல்லில் பாஸ்போலிப்பிடுகளின் தலைகளுக்கு நடுவே தண்ணீர் மூலக்கூறுகள் உட்கார்ந்து அவற்றை இடைவெளியோடு வைத்திருக்கும். சவ்வு இளகிய நிலையில் இருக்கும், ஆனால் கசியாது. விதை உலரும்போது அந்தத் தண்ணீர் போகிறது. தலைகள் நெருங்குகின்றன, வால்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகின்றன. உருகிய மெழுகு ஆறி இறுகுவதுபோலச் சவ்வு இறுகுகிறது. ஈரத்தில் இளக எவ்வளவு வெப்பம் போதுமோ, உலர்ந்தபின் அதைவிட அதிகம் வேண்டியிருக்கிறது. உலர்வைத் தாங்கும் விதைகள் இதற்காகவே சுக்ரோஸ், ராஃபினோஸ் என்ற சர்க்கரைகளைச் சேமித்து வைக்கின்றன. தண்ணீர் விட்டுப்போன இடத்தில் அவை நின்று தலைகளைப் பிரித்து வைக்கும். மிச்சமுள்ள செல்சாறு கண்ணாடிபோல் உறைந்து எல்லாவற்றையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் விதை தூங்குவது இந்தக் கண்ணாடிக்குள்தான்.

இறுகிய சவ்வு இளகுவதற்குள் தண்ணீர் பாய்ந்தால் என்ன ஆகும்? இறுகிய திட்டுகளுக்கும் இளகிய திட்டுகளுக்கும் இடையே விரிசல் விழுகிறது, அந்த வழியே உள்ளிருப்பது வெளியே ஓடுகிறது. தண்ணீரும் குளிர்ந்திருந்தால் விரிசல் மூடவே நேரமாகும். அதற்குள் செல் காலியாகிவிடும். ஈரக்காற்றில் வைக்கும்போது தண்ணீர் ஆவியாக, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. சவ்வு முதலில் இளகிக்கொள்கிறது, வெள்ளம் அப்புறம் வருகிறது. நன்றாக உலர்ந்த வேப்பம் விதை இந்த விஷயத்தில் மிகவும் தொட்டாற்சிணுங்கி. விதை வங்கிகளில் குளிரறையிலிருந்து எடுத்த உலர்விதையை முளைப்புச் சோதனைக்குப் போடுமுன் ஈரக்காற்றில் வைப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

குளிரின் மேல் நான் போட்ட பழியை இந்த இடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் 5.6 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன பழைய கணக்கு. எல்லா வரம்பிலும் அப்படியே பொருந்தாது என்றாலும், உலர்வைத் தாங்கும் விதைகளுக்குத் திசை அதுதான். நார்வேயில் 2008-இல் திறந்த ஸ்வால்பார்டு விதைப் பெட்டகம் மைனஸ் 18 டிகிரியில் இயங்குகிறது. உலகின் பெரிய விதை வங்கிகள் பலவும் அதையொட்டித்தான். குளிரில் காலம் நின்றுவிடுவதில்லை. உலர்ந்த விதையிலும் ஆக்சிஜன் சவ்வின் நிறைவுறாத கொழுப்பு அமிலங்களை மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும். மலோன்டைஆல்டிஹைடு என்ற கழிவு சேரும். குளிர் அந்த அரிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு என் நோட்டில் எண் ஏறிக்கொண்டே போவது அதன் தடம்.

நாவல் மரம் முற்றிலும் வேறு கதை. அதன் விதை உலர்வையே தாங்காது, ஈரத்தோடு உயிராகவே இருக்கும். கொக்கோவும் ரப்பரும் இதே குணம். இவற்றைக் குளிர்பெட்டியில் வைக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மீட்டரை நம்பி ஒரு பிடியை ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்துப் பார்த்தேன். எடுத்த அன்று தொட்டுப் பார்த்தால் கல்லுபோல இருந்தன, பச்சை நிறம்கூட மாறவில்லை. அறைச் சூட்டில் இரண்டு நாள் விட்டதும் எண் தாறுமாறாக ஏறியது. நான்காம் நாள் வெட்டிப் பார்த்தபோது உள்ளே பழுப்பு ஓடியிருந்தது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றின் சவ்வு 10 முதல் 15 டிகிரிக்குக் கீழே போனாலே தடுமாறத் தொடங்கும். அந்தச் சேதம் குளிரில் இருக்கும்வரை வெளியே தெரியாது, சூடு வந்ததும் அவிழும். கையால் தொட்டுச் சொல்ல முடியாத இந்த ஒன்றை மீட்டர் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னது. அதற்காகவே இதை மெச்சுகிறேன். ஓக் விதையும் ஈரம் போனால் செத்துவிடும் இனம்தான். ஆனால் அது குளிர்நாட்டு மரம். ஈரத்தோடு, காற்றோட்டமுள்ள பையில், உறைநிலையை ஒட்டிய குளிரில் மாதக்கணக்கில் இருக்கும். ஈரம் என்ன, எந்த நிலத்து மரம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் குளிரை முடிவு செய்ய வேண்டும்.

பைன் போன்ற மரங்களுக்கு ஈரத்தில் வைத்துக் கொடுக்கும் குளிரூட்டலை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது உறக்கம் கலைக்கச் செய்வது. விதை ஈரமாக, செல்கள் இயங்கும் நிலையில் இருக்கும், சவ்வைச் சரிசெய்துகொள்ளவும் நேரம் கிடைக்கும்.

இனி நாற்று. விதையில் கசிந்தது நாற்றிலும் தொடருமா என்பதுதான் எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி. இலவம் விதையில் பார்த்தேன். எண்ணெய் மிகுந்த விதை, வித்திலைகள் அகலமாக மேலே விரியும், நறுக்கி எடுக்க வசதி. குளிரில் மூன்றாண்டு இருந்த ஜாடி ஒன்று, அந்தப் பருவத்துப் புது விதை ஒன்று. வித்திலையிலிருந்து காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் இருபது வட்டம் வெட்டி, வெட்டு விளிம்பில் வழிந்த சாறு போக காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை கழுவி, 20 மில்லி நீரில் ஒரு நாள் ஊறவிட்டேன். முதல் எண். பிறகு அதே புட்டியை மூடி 20 நிமிடம் கொதிநீரில் வைத்து, ஆறவிட்டு இரண்டாவது எண். கொதித்ததும் எல்லாச் சவ்வும் உடைந்துவிடும், உள்ளே இருந்தது முழுக்க வெளியே வந்திருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். வெறும் எண்ணைவிட இதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் இலை தடித்ததா மெலிந்ததா என்ற வேறுபாடு அடிபட்டுப்போகும்.

பழைய ஜாடியின் வித்திலைகள் தெளிவாகவே அதிகம் கசிந்தன. நான்காவது இலையில் அதே சோதனையைச் செய்தபோது இரண்டு நாற்றுக்கும் வித்தியாசம் இல்லை. யோசித்தால் பொருந்துகிறது. வித்திலையின் செல்கள் கருவிலேயே உருவாகி, மூன்றாண்டு குளிரில் கிடந்தவை. அந்தச் சவ்வுதான் வயதானது. நான்காவது இலை முளைத்த பிறகு புதிதாகக் கட்டியது. ஆனாலும் பழைய ஜாடி நாற்றுகள் கடைசிவரை ஒரு சாண் குட்டையாகவே நின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவைச் சுற்றியிருப்பதும் சவ்வுதானே. அது பழுதானால் ஆற்றல் தாமதமாகக் கிடைக்கும், முதல் நாட்கள் பழுதுபார்ப்பதிலேயே கழியும், வேர் பின்தங்கும். அந்த நாட்களில் வெயில் ஏறினாலும் தண்ணீர் தவறினாலும் முதலில் தலைசாய்ந்தவை இவைதான். இப்போது பழைய ஜாடியின் நாற்றுகளுக்கு முதல் இரண்டு வாரம் தனி நிழல்வலை கட்டிவிடுகிறேன். முளைப்பு சதவீதம் மட்டும் பார்த்திருந்தால் இந்த ஜாடியை நல்ல ஜாடி என்றே எழுதியிருப்பேன்.

இவ்வளவு உதவிய கருவியின் மேல் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. முதலில் விற்றவர் உரத்துக்கான மாடலைக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்றார். ஒன்று இல்லை. அது மில்லிசீமென்ஸில் இரண்டு தசமம் காட்டும், அதாவது பத்துப் பத்து மைக்ரோசீமென்ஸாகத்தான் தாவும். விதையின் சின்ன மாற்றம் அதில் விழவே விழாது. ஒரு மைக்ரோசீமென்ஸ் வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். நான் இரண்டாவது முறை காசு கொடுத்துத்தான் அதைக் கற்றேன்.

வெப்ப ஈடு தானாகச் செய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் கடத்துதிறன் மாறும். அதை அது சரிசெய்வது உண்மை, ஆனால் முனையைத் தண்ணீரில் ஒரு நிமிடமாவது விட்ட பிறகே. அவசரமாகப் படித்த எண்கள் என் பழைய பக்கங்களில் நிறைய இருக்கின்றன, அவற்றை அடித்துவிட்டேன். இன்னொன்று கவனியுங்கள்: அது தண்ணீரின் சூட்டைத்தான் ஈடுகட்டும். சூட்டுக்கு ஏற்ப விதை கசியும் வேகமும் மாறுமே, அதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது. டம்ளர்கள் எல்லாம் 24 மணி நேரமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஐயா இதை மூன்று முறை சொன்னார், நான் மூன்றாவது முறைதான் காதில் வாங்கினேன்.

1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டிய தரக்கரைசலில் மாதம் ஒருமுறை சரிபார்க்கிறேன். சின்ன பொத்தான் பேட்டரி தளர்ந்தால் எண் நடுங்கும், எச்சரிக்கை வராது. வேம்பு, இலவம் போன்ற எண்ணெய் விதைகளின் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகு மின்முனையில் மெல்லிய படலம் ஒட்டுகிறது; ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசாவிட்டால் அடுத்த டம்ளர் பொய் சொல்லும். விதை போடாத வெறும் நீர் டம்ளர் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். புதிதாகத் திறந்த புட்டியில் 2 காட்டும் நீர், திறந்து வைத்த டம்ளரில் காற்றின் கார்பன் டைஆக்சைடு கரைந்து மறுநாள் கூடியிருக்கும். அதைக் கழிக்க வேண்டும்.

கருவியால் முடியாத இரண்டு விஷயங்கள் பாக்கி. கருவேல், சுபாபுல் போல ஓடு இறுகிய விதைகளில் தண்ணீரே உள்ளே போகாது, அதனால் கசியவும் கசியாது. மீட்டர் மிக அழகான சிறிய எண்ணைக் காட்டும். உள்ளே கரு செத்திருந்தாலும் காட்டும். ஓட்டைக் கீறினால் கீறலே கசியும். இந்த இனங்களுக்கு நான் மீட்டரைத் தொடுவதில்லை. அடுத்தது, பத்து விதைக்கு ஒரு எண்தான் வரும். பத்தும் சுமாராக இருக்கின்றனவா, எட்டு நன்றாக இருந்து இரண்டு அழுகியிருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. சந்தேகம் வந்த ஜாடியில் ஐந்தாறு விதையை வெட்டி டெட்ராசோலியம் என்ற வேதிக்கரைசலில் ஊறவைப்பேன். உயிருள்ள திசு சிவக்கும், செத்தது வெளுத்தே கிடக்கும். கருவின் வேர்முனை சிவக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பத்துப் பன்னிரண்டு வகை விதையைப் பருவம் தாண்டிக் குளிரில் வைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பறித்த வாரமே விதைத்துவிடுபவர்களுக்கு இது வேண்டாம், அந்தக் காசில் நல்ல காற்றுப்புகா ஜாடிகளும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவர்கள் முனையைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாகக் கேளுங்கள். என்னுடையதில் முடியாது, இந்த மாதம் 1413 கரைசலில் 1370-க்கு மேல் ஏற மறுக்கிறது.